அம்மாவின் அனுமதி

போர்ட்டிக்சன் போலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்தாயிற்று. இனி பட்டப்படிப்பு. நீலாயில் தோட்டம் இருந்த நிலத்திலேயே தனியார் பல்கலைக்கழகங்கள் எழுந்துவிட்டன. மோட்டாரில் பத்து நிமிடம். பிடிபிடிஎன் கடன் வாங்கினாலும் கட்டணம் இடிக்கும். யூனிமேப் அரசாங்கத்துடையது, மலிவு. ஆனால் பெர்லிஸ், நாட்டின் வடகோடி. அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சிரம்பானுக்கு நான்தான் ஏற்றிப் போகிறேன்.

“நீ போப்பா, நான் பாத்துக்கிறேன்.”

இதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாமா? மறுக்க முடிந்தவர் தருவதுதானே அனுமதி? மகன் படிப்பை எந்த அம்மா தடுப்பார்? சரி, தங்கிவிட்டால்? அவர் கேட்காத தியாகத்தை அவர் பேரில் கடனாக எழுதிவைப்பேன். ஒருநாள் சொல்லியும் காட்டுவேன். என்னை எனக்குத் தெரியும்.

யூபியுவில் பெர்லிஸை முதலில் போட்டேன். டயாலிசிஸ் நாள்களுக்குப் பக்கத்து லயத்து அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.