கணிப்பும் பலனும்

"பலனைப் பார்க்காதே என்கிறது கீதை. நீங்களோ பந்து எங்கே வரப்போகிறது, முன்னாலேயே பார், பார் என்று பிள்ளைகளை விரட்டுகிறீர்கள். இரண்டும் எப்படி சார் ஒத்துப்போகும்?" என்னிடம் டேபிள் டென்னிஸ் கற்கும் ஒரு சிறுமியின் அப்பா கேட்டார். அவர் மனதில் இருந்தது இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆம் சுலோகம்.

மேசையின் நீளம் 2.74 மீட்டர். வேகமாக அடித்த பந்து அதைத் தாண்ட அரை நொடிகூட ஆகாது. வந்த பிறகு யோசிக்கலாம் என்பவனால் ஆட முடியாது. 1986இல் பேட்டின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று விதி வந்ததே இதற்காகத்தான். ஒரே நிறத்தில் இருவேறு குணமுள்ள ரப்பர்களை ஒட்டி, பேட்டைத் திருப்பித் திருப்பி ஆடினால் எதிராளியால் ஸ்பின்னைப் படிக்க முடியவில்லை. 2002இல் சர்வீஸ் போடும்போது பந்தை உடம்பால் மறைக்கவும் தடை வந்தது.

அந்தச் சுலோகத்தைக் கேட்டவன் யார்? அர்ஜுனன், வில்லாளி. ஓடும் தேர் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணிக்காமல் அவனால் ஓர் அம்பு எய்ய முடியுமா? கணிப்பை விட்டுவிடு என்று கண்ணன் அவனிடம் சொல்லியிருக்கவே முடியாது. விடச் சொன்னது வேறொன்றை.

அது என்னவென்று பிள்ளைகளின் விரல்களில் பார்க்கிறேன். ஷேக்ஹேண்ட் பிடியில் மூன்று விரல்கள் கைப்பிடியைச் சுற்றும்; கட்டைவிரல் ஃபோர்ஹேண்ட் பக்கம் ரப்பரின் ஓரத்தில் படும்; ஆள்காட்டி விரல் பின்பக்கம் அடிவிளிம்போடு நீளும். பந்து படும்போது மட்டும் பிடி இறுக வேண்டும், உடனே தளர வேண்டும். ஸ்கோர் 9-9 ஆகட்டும், நகம் வெளுத்துவிடும். மணிக்கட்டு விறைத்துத் திரும்பாது. 'ஃபோர்ஹேண்டுக்குத்தான் வரும், வந்தால் ஒரே அடி' என்று மனம் தீர்மானித்து, கால் நகர்ந்தும்விடும். பந்து நேராக முழங்கைக்கு வரும்.

அதே சிறுமி ஸ்கோர் இல்லாமல் ஆடும்போது பிடி தளர்ந்திருக்கும். எதிராளியின் பேட் பந்தின் அடியைச் சீவுகிறதா, மேலே உரசுகிறதா, தோள் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து நகர்வாள். அப்போதும் முன்னால் பார்க்கத்தான் செய்கிறாள். இதுதான் வர வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே இல்லை. கண்ணன் விடச் சொன்னது இந்தப் பிடிவாதத்தை என்றே நான் நம்புகிறேன்.

அதற்காக, ஜெயிக்கும் ஆசையையே அறுத்துவிடு என்னும் வேதாந்தம் எனக்கு உடன்பாடில்லை. ஆசை இல்லாவிட்டால் 11 வயதுப் பிள்ளை விடிகாலையில் எழுந்து ஹாலுக்கு வராது. 6 புள்ளிக்கு ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஆசைப்பட, பயப்பட, கணக்குப் போட அந்த நேரம் போதும். எதிராளியின் உள்ளங்கையை விட்டுப் பந்து எழும்பிய பிறகு கண் அவன் பேட்டில்தான் இருக்க வேண்டும். பலரும் உயரே போகும் பந்தையே பார்த்து நிற்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான், வேறு எதைக் குறைத்தாலும், சர்வீஸ் எடுக்கும் பயிற்சியை மட்டும் ஒரு நாளும் விடுவதில்லை.