முதல் நாட்டை நீயே தேர்ந்தெடு!

பி.எட். முடித்தாய். சில வருடம் பாடமும் நடத்திவிட்டாய். வெளிநாட்டில் ஆசிரியர் வேலை என்ற ஆசை மட்டும் இன்னும் மனசுக்குள்ளேயே கிடக்கிறது. ஏன்?

"எந்த நாட்டுக்குப் போவதென்று தெரியவில்லை." இதுதானே உன் பதில்? தெரியவில்லையா, பயமா? உண்மையைச் சொல்!

பக்கத்து வீட்டுக்காரர் துபாய் என்றார். நீயும் துபாய் என்றாய். சித்தப்பா வேண்டாம் என்றார். விட்டுவிட்டாய். வகுப்பறையில் நிற்கப்போவது அவர்களா, நீயா? உன் முடிவை ஏன் ஊருக்குக் குத்தகைக்கு விட்டாய்?

சம்பளத் தொகையைப் பார்த்து மயங்காதே! கையில் எவ்வளவு மிஞ்சும்? தங்குமிடம் பள்ளி தருமா? ஊருக்கு வந்துபோக விமான டிக்கெட் உண்டா? மருத்துவக் காப்பீடு? ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாத எதுவும் உனக்குக் கிடைக்காது!

அடுத்து, பாடத்திட்டத்தைப் பார். ஓமன், குவைத், அமீரகம் என்று வளைகுடா முழுக்க சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. இங்கே நீ நடத்திய பாடம்தான் அங்கேயும். முதல் நாளே தயங்காமல் நிற்கலாம். அது போதுமென்றால் கிளம்பு!

புதிதாகக் கற்க வேண்டுமா? மாலத்தீவைப் பார். உயர்வகுப்புப் பிள்ளைகளை அங்கே கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயார்செய்ய வேண்டும்.

மாலேவில் விமானம் இறங்கும். அதற்குப் பிறகும் படகேற வேண்டியிருக்கும். சில தீவுகளில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஒரு பள்ளி, நாலைந்து கடை, சுற்றிலும் கடல். வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு காலை பள்ளி மணி அடித்துவிடும்.

தனிமை வாட்டும். வாட்டட்டும்! ஒரு புதிய தேர்வுமுறையைக் கரைத்துக் குடித்த ஆசிரியராக அங்கிருந்து திரும்புவாய்.

இங்கிலாந்தா உன் கனவு? இந்தியாவில் தகுதி பெற்ற கணித, அறிவியல், மொழி ஆசிரியர்களும் அந்நாட்டின் ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்க 2023 பிப்ரவரியிலேயே வழி பிறந்துவிட்டது. நீ விசாரித்தாயா?

"எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராதே!" பேசாமல் எப்படி வரும்? நாளைக்கே உன் வகுப்பில் ஒரு பாடத்தை முழுக்க ஆங்கிலத்தில் நடத்து. டெமோ வகுப்பில் தோற்றாயா? எங்கே திணறினாய் என்று குறித்துக்கொள். அடுத்த பள்ளிக்கு விண்ணப்பி!

"ஏமாற்றிவிட்டால்?" விழிப்பாக இரு! "விசிட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவனிடம் பாஸ்போர்ட்டை நீட்டாதே. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வா! தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அந்த வாசலை ஒருமுறையாவது மிதித்தாயா?

தவறான நாட்டைத் தேர்ந்துவிட்டால் என்ன? ஒப்பந்தம் முடியும். அனுபவம் உன்னோடு வரும். முதல் நாடே கடைசி நாடு என்று யார் சொன்னது?

அமீரகம் என்றால் உன் பட்டத்துக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். வேலை கிடைத்தபின் ஓடாதே. இப்போதே தொடங்கு!

பீரோவைத் திற. சான்றிதழ்களை எடு. இரண்டு நாடுகளைக் குறி. இந்த வாரமே முதல் விண்ணப்பத்தை அனுப்பு. உன்னால் முடியும்!