டிம் அடிப்பது யாருக்காக

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் ஜவ்வாது மலைப்பாதையில், ராத்திரி எதிரே வண்டி வந்தால் டிரைவர் டிம் அடிப்பார். எதிர்ல வர்றவன் கண்ணு கூசக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அந்த இரண்டு மூன்று நொடி நமக்கும் பாதை குறைவாகத்தான் தெரியும். நம் வெளிச்சத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து அடுத்தவன் பார்வையைக் காப்பாற்றுகிற காரியம் அது.

'டிம்' இங்கிலீஷ் வார்த்தைதான். நம்ம ரோட்டில் ஓடி ஓடி நம்முடையதாகிவிட்டது. அடுப்படியில் 'சிம்' இருக்கிறது: "பாலைச் சிம்ல வை." ஆபீசுக்குப் போனால் 'டோன் டவுன்', 'சாஃப்டா சொல்லுங்க', 'மைல்டா ஒரு மெயில் போடுங்க'. தணி, ஒடுக்கு, மட்டுப்படுத்து, மங்கு என்று தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ஆனாலும் எதையாவது குறைத்துச் சொல்லவேண்டி வந்தால் கை ஆங்கிலத்துக்குத்தான் நீள்கிறது. இரவல் வார்த்தைக்குச் சூடு கொஞ்சம் கம்மி என்பதாலோ என்னவோ.

சில வருஷம் முன்னால் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினேன். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது பற்றி. இறந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலை உட்பட நம் மலையூர்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போன பழங்குடிகள் அதில் உண்டு. அச்சில் வந்தபோது 'சுட்டுக் கொன்றது' இருந்த இடத்தில் 'என்கவுன்டரில் 20 பேர் உயிரிழந்தனர்' என்று இருந்தது. "லைட்டா டோன் டவுன் பண்ணிருக்கோம் சார்" என்றார்கள். "பரவால்ல" என்றேன். அந்தப் பரவால்லதான் இன்றுவரை உறுத்துகிறது.

எண்ணிக்கை மாறவில்லை. காணாமல் போனது எழுவாய். உயிரிழப்பது என்றால் மாரடைப்பில்கூட உயிரிழக்கலாம். பத்திரிகைக்காரர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு: கற்களாலும் கோடாலிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். செத்தவர்களில் சிலரைப் பேருந்துப் பயணத்தின் நடுவிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். கொலையா தற்காப்பா என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் சுட்டது யார் என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறே இல்லையே! தகராறு இல்லாத அந்த ஒன்றைத்தான் நாங்கள் சேர்ந்து டிம் பண்ணினோம்.

வார்த்தையைத் தணிப்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. விளக்கை 'அணை' என்று சொன்னால் என் பாட்டி திட்டுவாள். 'குளிர வை' என்று சொல்லணும். செத்தவரைத் 'தவறிட்டாரு' என்போம். நன்னூல் இதற்கெல்லாம் தகுதி வழக்கு என்று இடம் ஒதுக்கி, மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மூன்றாவது வேறு ஜாதி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உரையில் உதாரணம் வரும். ஒரு கூட்டம் தங்களுக்குள் பேச, வெளியாளுக்குப் புரியாதிருக்க வைத்துக்கொண்ட சொல். முதல் இரண்டும் கேட்பவர் மனசைப் பார்த்துச் செய்வது. மூன்றாவது பேசுபவர் வசதிக்கு. 'என்கவுன்டர்' குழூஉக்குறி. காக்கிக்காரர்களின் தொழில் வார்த்தை அது. நேர் அர்த்தம் சந்திப்பு. அதை நாம் மங்கலம்போல எடுத்துப் புழங்குகிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு பக்கம் ஒளியைக் குறைத்த அதே வாக்கியங்கள் இன்னொரு பக்கம் ஏற்றிவிட்டிருந்தன. 'கூலி' என்று வரவேண்டிய இடத்தில் 'கடத்தல்காரர்'. மரத்தை வெட்டித் தூக்கியவனும், அதைக் கப்பலேற்றி விற்றவனும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டார்கள்.

காவலூர் வானாய்வகத்தைச் சனிக்கிழமை பொதுமக்கள் பார்க்கலாம். போனமாதம் போயிருந்தேன். 2.34 மீட்டர் தொலைநோக்கியைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். 1986-ல் அதற்கு வைணு பாப்பு பெயர் வைத்தார்கள். எனக்கோ 1 மீட்டர் தொலைநோக்கி மேல்தான் கண். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்க இருந்தது. அதை அளக்க ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே, எதிர்பாராமல், நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. மேகமாயிருக்கும், கருவிக் கோளாறாயிருக்கும் என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை, ஏதோ குறுக்கே போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். முதலில் துணைக்கோள் என்று நினைத்தார்கள். அதே இரவு விமானத் தொலைநோக்கியிலிருந்து அமெரிக்கக் குழுவும் இதே மாதிரி மங்கல்களைப் பதிவு செய்திருந்தது. கடைசியில் அவை யுரேனஸின் வளையங்கள் என்று தெரிந்தது. வளையத்தை நேரில் யாரும் பார்க்கவில்லை. ஒளி எங்கே குறைந்தது என்பதை மட்டும் குறித்துவைத்தார்கள்.

அதிலிருந்து செய்தித்தாளை அப்படித்தான் படிக்கிறேன். 'மோதல்', 'அசம்பாவிதம்', 'விரும்பத்தகாத சம்பவம்' என்று வாக்கியம் மங்குகிற இடத்தில் விரலை வைத்து, இங்கே குறுக்கே போனது யார் என்று பார்ப்பேன். பல நாள் தெரிவதில்லை. சில நாள் தெரியும்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. எதிரே ஒரு பைக், பின்னால் மூட்டையோடு ஒருத்தர். எங்க டிரைவர் டிம் அடித்தார், அவரும் அடித்தார்.

கட்டுரை இணையத்தில் இன்னும் 'உயிரிழந்தனர்' என்றே கிடக்கிறது. அந்த ஒரு சொல்லை மாற்றித் தரச்சொல்லி நேற்று மெயில் போட்டிருக்கிறேன். மைல்டாகத்தான்.