சண்டேசர் பார்க்கும் கணக்கு

கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட ஜெயங்கொண்டத்தில் 7,500 ரூபாய் ஆனது. மகன் எடுத்துக் கொடுத்த பாலிசியில் பல்லும் சேர்த்தி. அதுவே அபூர்வம்; நம் நாட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பல்லைக் கண்டுகொள்ளும். கைக்கு வந்தது 4,000. பில் தொகை, அவர்களுடைய பட்டியல் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதானாம். “மிச்சம் உங்க வினை சார், நீங்கதான் தீர்க்கணும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், சிரிக்காமலே.

வலி வந்தது வினையால் என்றால் ஒப்புக்கொள்வேன், நான் சைவன். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் வினையா? அந்தப் பட்டியல் தொகையை யாரோ ஓர் ஆள் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

அதற்காக, அறத்துக்கு அளவு வைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் ஏழை படும் பாடு தெரியும். எங்கள் ஊரான கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டும் பட்டியல்தான். 15 படுக்கை ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். (இன்றைய சர்ஜன்கள் படித்தால் சண்டைக்கு வருவார்கள்.) நோயாளியை ஒரு நாளில் தேற்றினாலும் ஒரு மாதம் பார்த்தாலும் வைத்தியருக்கு அதே நெல். படுத்தவனுக்குச் சோற்றுக்கும் அரிசி உண்டு. அந்த அளவு கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துக் கட்டியது.

இப்போதும் அப்படி இல்லாமல் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் திட்டத்தில் ஒப்பந்த மருத்துவமனை பட்டியலுக்கு மேல் கேட்கக்கூடாது. என் பாலிசிப் பட்டியலோ நிறுவனத்தின் கையை மட்டும் கட்டுகிறது. மருத்துவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இடையில் விழும் துண்டு நோயாளி தலையில்.

கணக்கு என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கோயில்தான் நினைவுக்கு வரும். அந்தச் சோழீச்சரத்தின் வடக்கு வாசல் சிற்பத்தில் சிவன் தன் கையாலேயே அடியாரான சண்டேசர் தலையில் மாலை சுற்றுகிறார். சோழர் காலத்தில் கோயில் சொத்தின் கொடுக்கல் வாங்கல் அந்தச் சண்டேசர் பெயரில்தான் நடந்தது. அவர் முன்னால் கை தட்டி, எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டுகிறோம். ஆண்டியானாலும் அதிகாரியானாலும் தட்டித்தான் ஆகவேண்டும். கணக்கனுக்கு அருள் கிடைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஒளிப்பானேன்.

நிறுவனமும் அப்படிக் கை தட்டிக் காட்டட்டும் என்று கடிதம் போட்டிருக்கிறேன். பணம் கேட்கவில்லை. இந்த 4,000 எந்த ஊர் மருத்துவர்கள் வாங்கும் கட்டணத்தைப் பார்த்து, எந்த ஆண்டில் போட்டது என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.