மிச்சத்தைச் சுமந்தவர்

ஏப்ரல் 7

கொலைப்படையில் ஏறக்குறைய 3,000 பேர். நீதிமன்றத்தின் குற்றவாளிக் கூண்டிலோ 24 பேர் உட்காரத்தான் இடம். 27 வயது வக்கீல் ஒருவர் முன்னால், அதுவும் அவருடைய முதல் வழக்கிலேயே, இந்தக் கணக்கு வந்து நின்றது.

அவர் பெயர் பெஞ்சமின் ஃபெரென்ஸ். 1920-ல் திரான்சில்வேனியாவில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. நியூயார்க்கில் அந்தத் தொழில் சோறு போடவில்லை. கட்டடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். குடும்பம் நிலவறையில் குடியிருந்தது. அந்த வீட்டுப் பையன் ஹார்வர்டில் சட்டம் படித்து 1943-ல் முடித்தான். கையோடு பட்டாளம்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் நாஜிகளின் வதைமுகாம்கள் பிடிபட்டபோது, ஆதாரம் திரட்ட அனுப்பப்பட்டவர்களில் ஃபெரென்ஸும் ஒருவர். புக்கென்வால்ட், மௌத்தௌசன் போன்ற முகாம்களுக்குள் போனால் அவர் தேடியது அலுவலக அறையை. யார் வந்தார்கள், யார் செத்தார்கள் என்று எழுதிவைத்த பதிவேடுகள் அங்கேதான் இருக்கும். சுற்றிலும் பிணங்கள் குவிந்து கிடக்க, அந்த ஏடுகள் காணாமல் போவதற்குள் கைப்பற்றியாக வேண்டும்.

அந்தப் பழக்கம் பின்னால் கைகொடுத்தது. நியூரம்பெர்க் நகரில் நாஜிகள் மீது நடந்த விசாரணைகளின்போது, அவருக்குக் கீழ் வேலைசெய்தவர்கள் பெர்லினில் ஒரு தொகுதி அறிக்கைகளைக் கண்டெடுத்தார்கள். ‘ஐன்சாட்ஸ்க்ரூப்பன்’ என்ற கொலைப்படை, சோவியத் மண்ணில் எந்த ஊரில் எத்தனை யூதர்களைக் கொன்றோம், எத்தனை ரோமா மக்களைக் கொன்றோம் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பிய கணக்கு அது. ஃபெரென்ஸ் ஒரு கூட்டல் எந்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்களைத் தட்டினார். பத்து லட்சத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

மேலதிகாரி டெல்ஃபோர்ட் டெய்லரிடம் போனார். ஆளும் இல்லை, பணமும் இல்லை, புதிதாக ஒரு வழக்குக்கு வழியில்லை என்று பதில் வந்தது. இருக்கிற வேலையோடு இதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஃபெரென்ஸ். வழக்கு அவர் கைக்கு வந்தது.

கூண்டில் நிறுத்த யாரைப் பொறுக்குவது? பதவியையும் படிப்பையும் பார்த்தார். சுட்டவனைவிடச் சுடச் சொன்னவன் முதலில் பதில் சொல்லட்டும். 1947 செப்டம்பர் கடைசியில் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பு வாதம் இரண்டே நாளில் முடிந்தது. நேரில் பார்த்த சாட்சி ஒருவரையும் அவர் அழைக்கவில்லை. படை எழுதிய அறிக்கைகளே சாட்சி சொல்லின. ஒருவர் தற்கொலை, ஒருவர் நோய் என இருவர் குறைய, மிஞ்சிய 22 பேரும் குற்றவாளிகள் என்று 1948-ல் தீர்ப்பு. 14 பேருக்கு மரண தண்டனை. ஆனால் தூக்கில் போடப்பட்டவர்கள் நான்கே பேர். மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தண்டனை குறைந்தது. சிறையில் இருந்த கடைசி ஆட்களும் 1958-ல் வெளியே வந்துவிட்டார்கள்.

‘இவ்வளவு பாடுபட்டு இதுதானா?’ என்று கேட்டுவிட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். அவரோ மிச்சத்தைக் கையில் எடுத்தார். ஜெர்மனியிலேயே தங்கி, பறிபோன சொத்துகளுக்காகவும் உயிர்தப்பியவர்களின் இழப்பீட்டுக்காகவும் அலைந்தார். 1946-ல் கைப்பிடித்த மனைவி கெர்ட்ரூட் கூடவே இருந்தார். நான்கு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். 1956-ல் நியூயார்க் திரும்பி வக்கீல் தொழில். ஐம்பது வயதுக்கு மேல் அதையும் விட்டு விலகி, போர்க்குற்றங்களை விசாரிக்க நிரந்தர நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்று எழுதவும் பேசவும் தொடங்கினார்.

1998-ல் ரோமில் உடன்படிக்கை ஆனது. 2002-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிறந்தது. அதன் முதல் வழக்கு, சிறுவர்களைப் போருக்கு இழுத்த காங்கோ ஆயுதக்குழுத் தலைவன் தோமஸ் லுபாங்கா மீது. 2011-ல் அரசுத் தரப்பின் நிறைவு வாதத்தில் பேச ஃபெரென்ஸ் எழுந்தபோது அவருக்கு வயது 91. அவருடைய அமெரிக்கா அந்த நீதிமன்றத்தில் உறுப்பினராகச் சேரவில்லை. அந்தக் குறையோடுதான் அவர் உழைத்தார். 73 ஆண்டு இல்லறத்துக்குப் பின் 2019-ல் மனைவி போனார். 2023-ல் இதே நாளில், 103 வயதில், அவரும் போனார்.

நம் ஊருக்கு வருவோம். ரேஷன் கடையில் எடை குறைகிறது. ஏரிக்கரையில் லாரி லாரியாகக் குப்பை கொட்டுகிறார்கள். “ஊரே இப்படித்தான், நான் ஒருத்தன் கேட்டு என்ன ஆகப்போகிறது?” என்று நடையைக் கட்டுகிறோம். ஒருவர் கேட்டு எல்லாம் சரியாகிவிடாது என்பது உண்மைதான். அந்த உண்மையைச் சாக்காக வைத்துக்கொள்ளும்போதுதான் கெடுதல் செய்பவனுக்குத் துணை போகிறோம்.

இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு மனுவை எழுதி, தேதி போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேட்கும்போது உதவும்.