பொய் மீன்

நண்பர் ஒருவர், மீன் சாப்பிடுகிறவர்தான், ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்: "வலை வீசிப் பிடித்தால் அது பிழைப்பு. மரத்தில் மீன் செதுக்கி, வர்ணம் பூசி, அதைக் காட்டிப் பிடித்தால் மோசடி." சாகிற மீனுக்கு இரண்டும் ஒன்றுதானே என்றேன். "மீனுக்கு ஒன்றுதான் ஐயா, மனிதனுக்கு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

பின்லாந்து தேசத்தில் லௌரி ராபாலா என்று ஒரு மீனவர் இருந்தார். 1905-இல் பிறந்தவர், ஏழை. ஏரியில் படகு வலிக்கையில் அவர் ஒன்றைக் கவனித்தார். சிறு மீன்கள் கூட்டமாகப் போகும். பெரிய மீன் பாயும். எதன்மேல்? எது அடிபட்டதுபோல் தள்ளாடுகிறதோ, அதன்மேல். 1936-இல் ஒரு தக்கைத் துண்டை எடுத்துச் செருப்புத் தைக்கிற கத்தியால் செதுக்கினார், உப்புத்தாளால் தேய்த்தார். சாக்லெட் சுற்றிய ஈயத்தாள் செதிலாயிற்று. மேற்பூச்சுக்குப் போட்டோ நெகடிவ்களை உருக்கிக்கொண்டார்.

பளபளப்பல்ல, அந்த நொண்டல்தான் வித்தை. நூல் கட்டும் வளையம் மயிரிழை கோணினாலும் பொய் மீன் ஒருபக்கமாக ஓடிவிடும். இடப்பக்கம் ஓடினால் வளையத்தை வலப்பக்கம் நெளிக்க வேண்டும். மறுபடி தண்ணீரில் இழுத்துப் பார்க்க வேண்டும். நேராகவும் போக வேண்டும், தள்ளாடவும் வேண்டும். ஊனத்தைப் பழுதில்லாமல் செய்வது என்றால் சும்மாவா? 1962-இல் அமெரிக்காவின் லைப் பத்திரிகை இதைப்பற்றி எழுதிற்று. அந்த இதழின் அட்டையில் அம்மாதம் காலமான மர்லின் மன்றோ. கேட்டு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை.

மோசடிக்கு வருவோம். "மீன் பேராசைப்பட்டது, மாட்டிக்கொண்டது" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பசிக்குப் பேராசை என்று பெயர் வைப்பது நாம் நிம்மதியாகத் தூங்குவதற்காக. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நம் குளங்களில் விரால் பிடிக்க உயிருள்ள தவளையை முள்ளில் குத்தி விடுகிறார்களே, அங்கே துடிப்பு நிஜம். நண்பரின் கணக்குப்படி அவன்தான் யோக்கியன்! தக்கையில் செய்த பொய் ஓர் உயிரையாவது அந்த முள்ளிலிருந்து விட்டுவிடுகிறது.

கோவில் வாசலில் நொண்டியாக நடிக்கிறவனை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் தூண்டில் போடுவது பசிக்கு அல்ல, இரக்கத்துக்கு. ஒருமுறை ஏமாந்தவன் மறுநாள் நிஜ நொண்டியையும் தாண்டிப் போகிறான். பொய் மீனிடம் சூடுபட்டுத் தப்பிய பெரிய மீன் ஒருவேளை அடுத்த தள்ளாட்டத்தைக் கண்டு தயங்கலாம்; நிஜமாக அடிபட்ட ஒரு குஞ்சு அதனால் பிழைக்கவும் கூடும். பிச்சைக்காரனின் பொய்யில் அந்த லாபம்கூட இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன். மேஜைமேல் ஒரு கடிதம் கிடக்கிறது. என் தொடர்கதையில் ஒரு பையன் இறந்ததற்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருக்கும் அந்த வயதில் ஒரு பிள்ளை இருந்தானாம். அந்தச் சாவை நான் நான்கு தடவை திருத்தி எழுதினேன். கடைசித் தடவை, அவன் தண்ணீர் கேட்கும் இடத்தில் ஒரு வார்த்தையைக் குறைத்தவுடன்தான் சரியாக வந்தது. திருப்தியோடு காப்பி குடிக்கப் போனேன்.

அந்த அம்மாளுக்குப் பதில் எழுத மூன்று நாளாக உட்காருகிறேன். "தங்கள் அன்புக்கு" என்பதுவரை எழுதியாயிற்று.