ஊன்றுகோலும் வட்டத்திரையும்

ஞாயிற்றுக்கிழமை, விடிய இன்னும் ஒரு மணி நேரம். கோவில்பதாகை மெயின் ரோட்டு டீக்கடையில் பாய்லர் இப்போதுதான் சூடேறுகிறது. பூண்டிக்குக் கிளம்பி நிற்கும் மூன்று பைக்குகளில் ஒன்று மட்டும் நகரவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. ஹேண்டில்பார் நடுவிலுள்ள வட்டத்திரையில் மென்பொருள் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியும்வரை சாவியை அணைக்கக் கூடாது, போனின் தொடர்பும் அறுந்துவிடக் கூடாது. கோடு முக்கால்வாசி நிரம்பி அப்படியே நிற்கிறது. வண்டிக்காரர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அதையே பார்க்கிறார்.

"பூண்டிதானே சார்? அதுக்கு எதுக்கு மேப்பு? திருவள்ளூர் போயி யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே" என்கிறார் டீ மாஸ்டர்.

அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பாதையைத் தானே காணாத ஒன்று காட்டும் வழியில் உயிரை ஒப்படைத்துப் போகலாமா? இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது புதிய கேள்வி அல்ல. கோவில்பதாகைக்கு அடுத்திருக்கும் திருமுல்லைவாயில் வழியாகக் கண் தெரியாத ஒருவர் பூண்டிக்கு நடந்தே போயிருக்கிறார்.

அவர் தேவாரம் பாடிய சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, பிரிய மாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தவர். திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. திருமுல்லைவாயிலில் பாடிவிட்டுத் தடவித் தடவி வெண்பாக்கம் சேர்ந்தார். அதுதான் இன்றைய பூண்டிப் பக்கம். பார்வை கேட்டவருக்கு அங்கே சிவன் கொடுத்தது ஓர் ஊன்றுகோல். கோயிலுக்குள்தான் இருக்கிறாயா என்று கேட்டவரிடம், இருக்கிறோம், நீர் போய் வாரும் என்று அயலாருக்குச் சொல்வதுபோலப் பதில் வந்ததாம். இடக்கண் காஞ்சியில் வந்தது. வலக்கண் திருவாரூரில்தான் திரும்பியது. வெண்பாக்கத்திலிருந்து காஞ்சி வரை வழித்துணை அந்தக் கோல்தான்.

அவர் புறப்பட்ட அதே திருவொற்றியூரில்தான், பல நூற்றாண்டுகள் கழித்து, புல்லட் தொழிற்சாலையும் எழுந்தது. புல்லட் செய்யும் அந்த ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பரில் மீட்டியார் 350 வண்டியோடு 'டிரிப்பர்' என்ற குட்டித் திரையைக் கொண்டுவந்தது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இன்னும் எத்தனை மீட்டர் என்பதை மட்டும் அது காட்டும். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450இன் வட்டத்திரையில் வரைபடமே விரிந்தது. மற்ற கம்பெனிகளின் டூரிங் பைக்குகளிலும் இப்போது இது சகஜம்.

இந்த ஏற்பாட்டில் திரைக்கென்று சொந்த அறிவு இல்லை. வழியைக் கணக்குப் போடுவது போனிலுள்ள ஆப். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டால் அம்புக்குறி நின்றுவிடும். வண்டியோ திருப்பத்தைத் தாண்டிப் போயிருக்கும். போனின் இயங்குதளம், ஆப், வண்டியின் மென்பொருள் மூன்றும் வெவ்வேறு நாளில் புதுப்பிக்கப்படுவதால், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவை இன்று ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் விழிப்பதும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலே, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள். அவை அனுப்புவது நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும்தான். குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். வானத்திலிருக்கும் அவற்றுக்கு ஆவடியும் தெரியாது, ஆவடியில் தோண்டிப் போட்ட பள்ளமும் தெரியாது. அவற்றின் வாரக் கணக்குகூட 1023 வரை போய் மறுபடி சுழியத்துக்குத் திரும்புவது. 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியபோது, அப்டேட் ஆகாத பழைய கருவிகள் சில ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டின.

சாலை எங்கே போகிறது என்பது வரைபடம் சொல்லும் சேதி. அது யாரோ என்றோ பார்த்தது. 2024 ஜனவரியில் கூடலூரில் மேப்பை நம்பி வந்த ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அங்கே உயிருக்குச் சேதமில்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே மூன்று பேர் போன கார், வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிருந்த பாலத்தில் ஏறி ராம்கங்கை ஆற்றில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். மேப்பில் அந்தப் பாலம் முழுசாக இருந்தது. பாலத்தின் மேல் ஒரு தடுப்புகூட இல்லை. இதில் மேப்பை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. இடிந்த பாலத்தின் வாயில் நாலு கல்லை அடுக்கி வைக்காதவர்களுக்கும் அந்த மூன்று சாவில் பங்கு உண்டு.

எதை நம்பலாம் என்பதை நம் சைவ சித்தாந்திகள் 'அளவை' என்ற பெயரில் நிதானமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பலவகை அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. நேரில் பார்ப்பது, அதைக் கொண்டு ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொன்னதை ஏற்பது. வரைபடம் இதில் மூன்றாவது வகை. ஆனால் உரைக்கு மதிப்பு வருவதே உரைப்பவர் உண்மையை அறிந்தவர் என்பதால்தான். பாலம் விழுந்தபின் அங்கே போய்ப் பார்க்காத வரைபடம், அந்தப் பாலத்தைப் பொறுத்தவரை, அறிந்தவர் சொல் ஆகாது. நேற்று இரவு அப்டேட் செய்திருந்தாலும் ஆகாது.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் இன்னும் ஆழமாகப் போகிறது. கண் தானாகப் பார்ப்பதில்லை. உயிர் அதற்குக் காட்டி, கூடவே தானும் கண்டால்தான் அதற்குப் பார்வை. கவனம் வேறெங்கோ போனால் விழித்த கண்ணுக்கும் எதிரே வருபவர் தெரிவதில்லை. அதே போல இறைவனும் உயிருக்குக் காட்டுகிறான், உடனிருந்து காணவும் செய்கிறான் என்கிறது பதினோராம் சூத்திரம். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவற்றை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். வட்டத்திரையால் முதலாவதைத்தான் செய்ய முடியும். அது காட்டும், கூட இருந்து காணாது. குழிக்கு அஞ்சாது, மழையில் நனையாது. காணும் வேலையையும் அதனிடமே விட்டுவிட்டுத் தலை குனிந்து ஓட்டுகிறவர், இல்லாத துணையை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்.

ஊன்றுகோல் வேறு வகை. ஓரிரு அடிக்கு மேல் அதற்கு எட்டாது. திருவாரூர் எத்தனை காதம் என்று அதைக் கேட்க முடியாது. ஆனால் அது தட்டுப்படும் கல் இந்த நொடியில் அங்கே இருக்கிற கல். பிடித்திருக்கும் கைக்கு அதிர்வு வரும். நடப்பவரும் கோலும் ஒன்றாகத்தான் தடுமாற வேண்டும். பார்வை கேட்டவருக்குக் கோலைக் கொடுத்தது கருணைக் குறைவுபோலத் தோன்றும். சுந்தரருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

வெண்பாக்கத்துப் பழைய கோயில் இன்று இல்லை. 1944இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. மூர்த்திகளைக் கொண்டுவந்து வேறிடத்தில் எழுப்பியதுதான் இப்போதுள்ள ஊன்றீஸ்வரர் கோயில். அம்பாள் மின்னொளி அம்மை. கண் தெரியாதவருக்கு மின்னலாய் வழி காட்டியவள் என்கிறார்கள்.

கோவில்பதாகையில் கோடு ஒருவழியாக நிரம்பி, திரை அணைந்து, மறுபடி எரிகிறது. மூன்று பைக்குகளும் கிளம்புகின்றன. பூண்டியில் கோயில் வாசலுக்கு வந்ததும் சேருமிடம் வந்துவிட்டது என்று திரை சொல்லும். உள்ளே நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கிறது. கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்ட இடம் அது என்பது ஊர் வழக்கு.